ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்கு

வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல "லீவு நாள்ல குடும்பத்தோட சைக்கிள்ல போறத பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ரெண்டே வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல நம்ம வட சென்னைலருந்து தான். எங்க அப்பா தண்டையார்பேட்டைல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு, ஸ்கூல் விட்டு வந்தா பாவாடைல ஆயில் கறையோட அந்த கடைல தான் கெடப்பேன், அதனால இந்த தடவ ஒவ்வொரு கடிதத்தயும் ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். எல்லாத்துக்கும் எடம் பத்தல, நெறைய பேர் கேட்டத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, எனக்கு 38 வயசு. கொருக்குப்பேட்டைல இருக்கோம். எங்க வீட்டுக்காரரும் ரெண்டு பசங்களும் நாலு மாசமா ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிள்ல போயிட்டு வராங்க. திரும்பி வர்றப்போ அவங்களுக்குள்ளயே ஏதோ பேசி சிரிச்சுக்குறாங்க, எனக்கு ஒன்னும் புரியாது, நான் அந்த நேரம் சட்னி அரைச்சிட்டு இருப்பேன். சின்ன வயசுல எனக்கு யாரும் சைக்கிள் கத்துக்குடுக்கல. இப்ப கத்துக்க முடியுமா? பாக்கறவங்க சிரிப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு.

தாராளமா கத்துக்கலாம்மா. சிரிக்கிறவங்க ரெண்டு நாள் சிரிப்பாங்க, மூணாவது நாள் அவங்களே வந்து "எனக்கும் சொல்லித் தருவியா"ன்னு கேப்பாங்க, இது நான் பாத்தது.

என் ஓரகத்தி 41 வயசுல கத்துக்கிட்டா. எங்க வீட்டுக்கு பக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்டு, லீவு நாள்ல தொறந்து கெடக்கும். மொதல்ல பார் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்னு எடுத்து ரெண்டு பெடலையும் கழட்டிட்டேன். நீங்களும் அதையே பண்ணுங்க, தெரு முனை சைக்கிள் கடைல குடுத்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டி குடுத்துடுவாங்க (வீட்லயே கழட்டறதா இருந்தா ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, இடது பக்க பெடலோட மரை எதிர்ப்பக்கமா சுத்தும், வழக்கமா கழட்டற பக்கம் திருகினா இன்னும் இறுகிக்கும்). சீட்ட நல்லா கீழ எறக்கிடுங்க, ஒக்காந்தா ரெண்டு பாதமும் தரைல முழுசா படணும். அப்புறம் ஒக்காந்த மேனிக்கே கால தரைல ஊனி தள்ளி தள்ளி போங்க. பெடல் இல்லாததால காலுக்கு வேற வேலை இல்ல, விழுந்துடுவோம்னு பயமும் இல்ல, ஒடம்பு தானாவே பேலன்ஸ் புடிச்சுக்கும். கொஞ்ச கொஞ்சமா ரெண்டு கால தூக்கிட்டு பத்தடி, இருபதடி உருண்டு போக வந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது, அப்புறம் பெடல மாட்டிக்கலாம்.

அவளோட பிரச்சனை என்னன்னா முன் சக்கரத்தையே பாத்துக்கிட்டு ஓட்டுவா, எங்க பாக்கறோமோ அங்க தானே வண்டி போவும், அதனால ஹேண்டில் பார் ஆடிக்கிட்டே இருக்கும். வீட்லருந்து செவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்ன கொண்டு போய் கிரவுண்டு கடைசில கவுத்து வெச்சேன், வாளிய மட்டும் பாரு, வேற எதையும் பாக்காதன்னேன். அஞ்சாவது நாள் பெடல் மாட்டி ஏத்தி விட்டா நேரா போறா, வாளிய தாண்டி போறா, நிறுத்த தெரியல, "அக்கா எப்புடி நிறுத்தறது, அக்கா எப்புடி நிறுத்தறது"ன்னு கத்திக்கிட்டே ரெண்டாவது ரவுண்டு சுத்தி வரா. அந்த மொகம் இன்னும் எனக்கு கண்ணுலயே நிக்குது, பயமும் சிரிப்பும் ஒன்னா இருந்துச்சு. அதனால பிரேக் புடிக்கறத மொத நாளே பழகிடுங்க. பின் பிரேக்க மொதல்ல, முன் பிரேக்க மெதுவா சேத்து புடிக்கணும், முன் பிரேக்க மட்டும் படக்குன்னு புடிச்சா தூக்கி போட்டுடும்.

கத்துக்குடுக்கறவங்களுக்கும் ஒன்னு சொல்லணும். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்"னு சொல்லிட்டே பின்னாடிலருந்து கைய விட்டுடறது நம்ம ஊர்ல காலங்காலமா பண்றது தான், எனக்கு அது புடிக்காது. விழுந்தா அடிய விட அந்த பொய் தான் வலிக்கும், அப்புறம் மறுபடி ஏறவே மனசு வராது. விடப்போறோம்னா சொல்லிட்டு விடுங்க.

சுடிதார் போட்டா வலது கால் பேண்ட் அடிய ஒரு ரப்பர் பேண்டு போட்டு சுருட்டிக்கோங்க, இல்லன்னா செயின் இழுத்துடும். துப்பட்டாவ குறுக்க கட்டி இடுப்புல முடி போட்டுடுங்க. புடவைனா செயின் கார்டு முழுசா மூடின சைக்கிளும் பின் சக்கரத்துக்கு வலையும் வேணும்.

வயசு பத்தி கேட்டீங்கல்ல, 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, ஷீலா ராணி சுங்கத் அங்க கலெக்டரா இருந்தாங்க, எழுத்து கத்துக்க வந்த பொம்பளைங்களுக்கு சைக்கிளும் சேத்து கத்துக்குடுத்தாங்க. வயக்காட்டு வேலைக்கு போறவங்க, கல்லு ஒடைக்கிறவங்க, அங்கன்வாடி டீச்சருங்க, நர்ஸுங்கன்னு ஆயிரக்கணக்குல ஏறினாங்க. லேடீஸ் சைக்கிள் கெடைக்கலன்னா பார் கம்பி வெச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறினாங்க. அவங்கள்ல நெறைய பேர் கைல புள்ளையோட இருந்தவங்க தான். தண்ணி கொண்டார, புள்ளைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போவ, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லன்னு ஆச்சு அவங்களுக்கு.

கடைசியா அந்த சட்னி விஷயம். இத உங்க வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டுங்க. தம்பி, புள்ளைங்கள கூட்டிட்டு போறீங்க, ரொம்ப நல்லது, எத்தனையோ பேர் போர்வைய விட்டே வர்றதில்ல. ஆனா நீங்க மூணு பேரும் சந்தோஷமா திரும்பி வந்து சூடா இட்லி சாப்பிடணும்னா ஒருத்தங்க வீட்ல நிக்க வேண்டியதாயிருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நாஷ்டா வெளில வெச்சுக்கோங்க, இல்லன்னா திரும்பி வந்து நாலு பேரும் சேந்து பண்ணுங்க, பெரியவன் தேங்கா துருவட்டும், சின்னது வெங்காயம் உரிக்கட்டும், ஒம்பதரைக்கு சாப்பிட்டா ஒன்னும் ஆயிடாது. அவங்க கத்துக்கிட்டு மொத மொதல்ல வர்ற அன்னிக்கு அவங்கள முன்னாடி விட்டுட்டு நீங்க பின்னாடி வாங்க. அவங்க வேகம் தான் அன்னிக்கு எல்லாருக்கும் வேகம்.

பையனுக்கு 7 வயசு. ராயபுரத்துல இருக்கோம். மச்சான் சொல்றாரு வளர்ற புள்ள, 24 இன்ச் வாங்கிடுங்க மூணு நாலு வருஷம் ஓடும்னு. கடைல கியர் வெச்சது காட்டுறாங்க. எது வாங்கறது?

20 இன்ச். கியர் வேணாம்.

சட்டை, பேண்ட்னா பெருசா வாங்கி மடிச்சு போடலாம், சைக்கிள மடிக்க முடியாது சார். கால் எட்டாத சைக்கிள்ல ஏறின புள்ள நிறுத்தும்போது தான் விழுவான், ஓட்டும்போது இல்ல. நாங்கல்லாம் பெரிய சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டு கத்துக்கிட்டவங்க தான், ஆனா அன்னிக்கு தெருவுல இவ்ளோ வண்டி கெடையாது. பையன கடைக்கு கூட்டிட்டு போங்க, சர்ப்ரைஸ் குடுக்கறேன்னு நீங்க மட்டும் போய் வாங்காதீங்க. சீட்டுக்கு முன்னாடி கம்பிய ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சு நிக்க சொல்லுங்க, ரெண்டு இன்ச்சாவது எடைவெளி இருக்கணும். ஒக்காந்தா ரெண்டு காலோட முன்பாதமாவது தரைல படணும். பிரேக்க அவன் வெரலால அமுக்கி பாக்கட்டும், சில சைக்கிள்ல லீவர் அவ்ளோ இறுக்கமா இருக்கும், பெரியவங்க கைக்கே வலிக்கும்.

கியர் இந்த வயசுல தேவையே இல்ல. நம்ம பக்கம் முழுக்க சமதளம், மேம்பாலத்த விட்டா ஏத்தமே கெடையாது. அந்த காச ஹெல்மெட்டுல போடுங்க. புருவத்துக்கு மேல ரெண்டு வெரல் அளவு தான் நெத்தி தெரியணும், காதுக்கு கீழ ரெண்டு வாரும் வி மாதிரி சேரணும், தாடைக்கு கீழ ஒரு வெரல் நுழையற அளவுக்கு இறுக்கணும். பின்னந்தலைல தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு போற புள்ளைங்கள பாக்கறப்போல்லாம் நிறுத்தி சரி பண்ணிட்டு தான் நான் போவேன்.

திருவொற்றியூர்ல இருக்கோம். நான், மனைவி, 9 வயசு பொண்ணு. எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டுலயே சைக்கிள்ல போலாம்னு ஆசை. கடல ஒட்டியே ரோடு போவுதே, நல்லாருக்கும்ல? ஞாயித்துக்கிழமை லாரி கம்மியா இருக்குமா?

வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழமையும் வேணாம்.

ஏன்னு சொல்றேன், இது எங்களுக்கே நடந்தது. ஏழெட்டு வருஷம் முன்னாடி நாங்க நாலு பேரும் அந்த ரோட்டுல போனோம், ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது, அதுக்கு இடது பக்கம் ஒரு சைக்கிள் போற அளவுக்கு சந்து இருந்துச்சு, என் சின்ன பையன் அதுல பூந்துட்டான். அவன் பக்கத்துல இருந்த டிரெய்லர் மெதுவா நகர ஆரம்பிச்சு இடது பக்கம் திரும்புது. முன் பக்கம் அகலமா தான் திரும்பும், பின் சக்கரங்க அதே வழில வராது, உள்ள ஒடிச்சு வரும், அந்த சந்து சுருங்கிக்கிட்டே வருது, நான் பின்னாடி இருபதடி தள்ளி இருக்கேன். அங்க வலை காய வெச்சிட்டு இருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து லாரி கதவ டமடமன்னு தட்டினாரு, டிரைவர் நிறுத்திட்டாரு. எறங்கி வந்து பாத்து அந்த மனுஷனுக்கே கை நடுங்குச்சு. அவர் மேல தப்பு இல்ல, வலது பக்கம் அவ்ளோ ஒசரத்துல ஒக்காந்திருக்கறவருக்கு இடது கதவுக்கு கீழ ஒரு சின்ன புள்ளை நின்னா தெரியவே தெரியாது. அன்னிலருந்து நாங்க அந்த ரோட்ட தொடறதில்ல, மணலி பக்கம் போற ரோடும் அப்படி தான். பொண்ணுக்கு இத இப்பவே சொல்லி வைங்க, நிக்கிற லாரிக்கு இடது பக்கம் எப்பவும் பூரக்கூடாது, பின்னாடியே நின்னுடணும்.

முகத்துவாரத்த பாக்கணும்னா சைக்கிள வீட்ல வெச்சிட்டு மின்சார ரயில்ல போங்க, விம்கோ நகர், கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர், அங்கருந்து ஷேர் ஆட்டோ. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம் அது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து தண்ணியெல்லாம் கருப்பா படிஞ்சுது, படகு, வலை எல்லாம் போச்சு, அத மீனவங்க வாளில மொண்டு எடுத்தாங்க. பொண்ணுக்கு அதையும் சொல்லுங்க, அங்க தொழில் பண்றவங்க கிட்டயே கேக்கட்டும்.

சைக்கிளுக்கு உங்களுக்கு பக்கத்துலயே நல்ல சுத்து இருக்கு. தேரடிலருந்து சன்னதி தெரு, தியாகராஜ சாமி கோயில சுத்தி மாட வீதி, அப்படியே பட்டினத்தார் கோயில். அஞ்சரை மணிக்கு மாட வீதில வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு இருப்பாங்க, ஓரமா போங்க, கோலத்த மிதிக்காம ஓட்டறதே பொண்ணுக்கு நல்ல பயிற்சி. பட்டினத்தாருக்கு பேய்க்கரும்பு எங்க இனிச்சுதோ அங்க ஒக்காந்துட்டாருன்னு சொல்லுவாங்கல்ல, அந்த எடம் தான் இது, கடல் காத்து வரும், கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வரலாம். பெரிய ரோட்ட தாண்ட வேண்டி வந்தா எறங்கி தள்ளிக்கிட்டு போங்க.

பொண்ணுக்கு ஒரு ரெண்டு வயசு கூடி, சிக்னல், கை காட்டறதெல்லாம் பழகினப்புறம் தெக்கால போங்க, எங்க வீட்டு வழி அது தான். தண்டையார்பேட்டைலருந்து கல்மண்டபம், ராயபுரம் ஸ்டேஷன், பீச் ஸ்டேஷன், ராஜாஜி சாலை, கோட்டை, போர் நினைவுச்சின்னம், நேப்பியர் பாலம், போறதுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல நாங்க எப்பவும் நிப்போம், தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ரயில் 1856-ல இங்கருந்து தான் வாலாஜா ரோடுக்கு கெளம்புச்சு, அந்த தூணுங்கள பாத்தா என் பசங்களுக்கு இன்னும் கத சொல்லணும். ஆபீஸ் கூட்டம் இல்லாத விடியக்காலைல ராஜாஜி சாலைய பாத்தீங்கன்னா அது வேற ரோடு, 1884-ல கட்டின செவப்பு போஸ்ட் ஆபீஸ் மேல வெயில் விழறப்போ இவ்ளோ அழகான ஊர்ல தான் இருக்கோமான்னு தோணும். திருவொற்றியூர்லருந்துன்னா போவ மட்டும் 10 கிலோமீட்டருக்கு மேல வரும், திரும்பியும் வரணும்ல, அதனால அவசரப்படாதீங்க.

நான் பத்தாவது படிக்கிறேன், வியாசர்பாடி. என் தம்பிக்கு 12 வயசு தான், அவன் ஃப்ரெண்ட்ஸோட சைக்கிள்ல எங்க வேணா போவான். எனக்கு ட்யூஷனுக்கு கூட அப்பா தான் பைக்ல கொண்டு விடுவாரு. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேந்து ஞாயித்துக்கிழமை போலாம்னு கேட்டா "பொம்பளை புள்ளைக்கு எதுக்கு"ன்னு சொல்றாங்க. நான் என்ன பண்றது?

கண்ணு, நீ கேட்டது நியாயம். உன் வயசுல எங்க அப்பா கடைல அம்பது சைக்கிள் நிக்கும், தெருவுக்கு ஒன்ன எடுத்துட்டு போனா பாட்டி சத்தம் போடுவாங்க. அப்பா ஒரு நாள் ஒன்னும் பேசாம என் ஒசரத்துக்கு சீட்ட எறக்கி வெச்சிட்டு உள்ள போயிட்டாரு.

அப்பா கிட்ட ஒரேயடியா எல்லாத்தயும் கேக்காத. மொதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவையே கூப்பிடு, "நீங்க பைக்ல பின்னாடி வாங்க, நான் ஓட்டறத பாருங்க"ன்னு. நீ சிக்னல்ல நிக்கறத, திரும்பறதுக்கு முன்னாடி பின்னாடி பாத்து கை காட்டறத அவர் கண்ணால பாக்கட்டும். ரெண்டு மூணு வாரம் அப்படி. அப்புறம் ட்யூஷனுக்கு நீயே போறேன்னு கேளு, போய் சேந்ததும் ஒரு போன் போடு. அதுக்கப்புறம் ஃப்ரெண்ட்ஸோட, எங்க போறோம், எத்தனை மணிக்கு வருவோம்னு சொல்லிட்டு.

அம்மா, அப்பா இத படிச்சா அவங்களுக்கும் சொல்றேன். உங்க பயம் எனக்கு புரியுது, எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா 12 வயசு பையனுக்கு ரோடு தெரியும், 15 வயசு பொண்ணுக்கு தெரியாதுன்னா அது அவ தப்பு இல்ல, நாம பழக்கல. அடுத்த வருஷம் பிளஸ் ஒன், கவர்மென்ட் ஸ்கூல்னா சைக்கிளே குடுக்கறாங்க. குடுத்த சைக்கிள் மாடிப்படி கீழ துரு புடிச்சு நிக்கறத எத்தனையோ வீட்ல பாத்துட்டேன், ஒவ்வொன்ன பாக்கறப்பவும் எனக்கு வயிறு எரியும். மழைக்காலத்துல சப்வேல தண்ணி நின்னா மட்டும் அனுப்பாதீங்க, அது பசங்களுக்கும் சேத்து தான் சொல்றேன்.

காசிமேடு. புது சைக்கிள் வாங்கி ஒரு வருஷம் ஆவல, செயின் முழுக்க துரு. காத்தும் நிக்க மாட்டேங்குது, அடிக்கடி எறங்கிடுது, பஞ்சர் கடைல ஓட்டையே இல்லன்றாங்க.

கடல் காத்து தான், உப்பு விடாது. ராத்திரி வெளில நிறுத்தினா பழைய துணியாவது போட்டு மூடுங்க. வாரத்துக்கு ஒரு தடவ ஈரத் துணில தொடச்சு, ஒடனே காஞ்ச துணில தொடைங்க. செயினுக்கு மாசம் ஒரு தடவ பழைய பல்லு தேய்க்கிற பிரஷ்ல கொஞ்சம் டீசல் தொட்டு அழுக்க எடுத்துட்டு, காஞ்சப்புறம் தையல் மிஷின் எண்ணெய ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடல பின்பக்கமா சுத்தி, மேல வழியறத தொடச்சிடுங்க. எண்ணெய் உள்ள இருக்கணும், வெளில இருந்தா மண்ணு தான் ஒட்டும். தேங்கா எண்ணெய் ஊத்தாதீங்க, பிசுபிசுன்னு பசையாயிடும்.

காத்து எறங்கறது வால் டியூபா இருக்கும், உங்களது பழைய மாதிரி வால்வுன்னா. எங்க அப்பா என்ன பண்ணுவாருன்னா, வெரல்ல எச்சி தொட்டு வால்வு வாய் மேல வெச்சிட்டு சும்மா பாப்பாரு, ஒரு சின்ன முட்டை மெதுவா ஊதி பெருசாவும். அப்படி வந்தா ட்யூப்ல கோளாறு இல்ல, உள்ள இருக்கற அந்த சின்ன ரப்பர் குழாய் வெயில்ல வெந்து போயிருக்கும். அத மாத்த சில்லறைக் காசு தான், ரெண்டு மூணு வாங்கி வீட்லயே வெச்சுக்கோங்க.

இன்னொன்னு, மீன் வாங்க ஹார்பருக்கு சைக்கிள்ல போறவங்க வாசல் கிட்ட பாத்து ஓட்டுங்க, ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் ரோட்டுல வழிஞ்சு எண்ணெய் மாதிரி வழுக்கும், திருப்பத்துல பிரேக் புடிச்சீங்கன்னா போச்சு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்கு போவாது, அந்த 61 நாள் மட்டும் ஞாயித்துக்கிழமை கூட்டம் கொஞ்சம் கம்மி, புள்ளைங்கள கூட்டிட்டு போய் காட்ட அது நல்ல நேரம்.

பெரம்பூர். 14 வயசு பையன், மூணு வாரம் ஆசையா எங்களோட வந்தான், நாலாவது வாரத்துலருந்து எழுப்பினாலும் எழுந்திருக்கல. ராத்திரி 12 மணி வரைக்கும் போன். திட்டி கூட்டிட்டு போலாமா?

திட்டி கூட்டிட்டு போனா ஒடம்பு மட்டும் வரும்மா. அந்த வயசுல அப்பா அம்மாவோட வரிசையா போறது கொஞ்சம் கூச்சமாவே இருக்கும், அவன் கிளாஸ் பசங்க பாத்துட்டா என்ன பண்றதுன்னு இருக்கும். என் பெரியவனும் அதே மாதிரி தான் நின்னான். நான் மூணு மாசம் கூப்பிடவே இல்ல. ஒரு தடவ என் சைக்கிள் பஞ்சர், சனிக்கிழமை சாயந்தரம், "ரெண்டு பேரும் சேந்து ஒட்டலாமா"ன்னு கேட்டேன், சும்மா தான் வந்து ஒக்காந்தான். ட்யூப கழட்டி, அன்னக்கூடைல தண்ணி வெச்சு அமுக்கி, முட்டை எங்க வருதுன்னு அவன் தான் கண்டுபுடிச்சான், உப்புத்தாள் போட்டு தேச்சு சொல்யூஷன் தடவி, அது காயற வரைக்கும் ரெண்டு பேரும் ஒன்னும் பேசாம ஒக்காந்திருந்தோம், அப்ப தான் ஸ்கூல்ல ஒரு பையன் கூட சண்டைன்னு மெதுவா சொன்னான். ரெண்டு வாரமா வாயத் தொறக்காத புள்ள.

மறுநாள் அவன் வரல, அதையும் சொல்லிடறேன். அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு தான், அவன் ஃப்ரெண்டு ஒருத்தன கூட்டிட்டு வந்தான், நாங்க முன்னாடி, அவங்க ரெண்டு பேரும் எங்களுக்கு சொந்தம் இல்லாத மாதிரி நூறடி பின்னாடி. போவட்டும்னு விட்டேன். போன பத்தி கேட்டீங்கன்னா, வீட்ல எல்லாரோட போனும் பத்து மணிக்கு ஹால்ல ஒரே எடத்துல சார்ஜ் போடணும்னு வெச்சோம், எங்களோடதும் சேத்து. எங்களோடத வைக்காத வரைக்கும் அது நடக்கல.

பழைய வண்ணாரப்பேட்டைல கூட்டுக் குடும்பம். மாமனாருக்கு 66 வயசு, ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, 30 வருஷம் வேலைக்கு சைக்கிள்ல தான் போனாராம். இப்ப முட்டி வலி. நாங்க ஞாயித்துக்கிழமை கெளம்பறப்போ வாசல்லயே நின்னு பாத்துட்டு இருக்காரு, "நானும் வரேன்"றாரு. வீட்டுக்காரர் வேணாம்னு கோவப்படறாரு. மனசுக்கு கஷ்டமா இருக்கு அக்கா.

உங்க மனசு நல்ல மனசும்மா, மாமனாருக்காக மருமக எழுதியிருக்கீங்க.

மொதல்ல டாக்டர் கிட்ட காட்டி, சைக்கிள் ஓட்டலாமான்னு மாமாவ வெச்சிக்கிட்டே கேளுங்க. முட்டி தேய்மானம் இருக்கறவங்க நெறைய பேருக்கு டாக்டருங்களே மெதுவா சைக்கிள் ஓட்ட சொல்றாங்க, ஒடம்பு எடைய சீட்டு தாங்கிக்கும், முட்டி மேல நடக்கறப்போ விழற அளவுக்கு பாரம் விழாது. ஆனா பிரஷர், நெஞ்சு, தலை சுத்தல்னு வேற ஏதாவது இருந்தா அது வேற, அதனால தான் கேக்க சொல்றேன்.

ஓட்டலாம்னு சொல்லிட்டாருன்னா சீட்ட பாருங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் சீட்ட ரொம்ப கீழ வெச்சு தான் ஓட்டறாங்க, முட்டி மடங்கியே இருக்கும், வலி அதனாலயே வரும். பெடல் ஒன்ன முழுசா கீழ விட்டு குதிகால அதுல வெச்சா கால் நேரா நீளணும், அது தான் அளவு. அப்புறம் முன்பாதத்தால மிதிக்கறப்போ முட்டி லேசா மடங்கும், போதும். ஏறி எறங்க கஷ்டம்னா கால தூக்கி போட வேண்டியதில்லாத லேடீஸ் ஃபிரேம் சைக்கிள்ல ஓட்டட்டும், ஆம்பளைங்க ஓட்டலாமான்னு யாராவது கேட்டா நான் ஓட்ட சொன்னேன்னு சொல்லுங்க. அவரோட பழைய சைக்கிள் இன்னும் வீட்ல இருந்துச்சுன்னா அத கடைல குடுத்து ஒரு ஓவராயில் பண்ணி வைங்க, ஓட்டறாரோ இல்லயோ, அத பளபளன்னு பாத்தாலே அவருக்கு பாதி வலி போயிடும். மொத மாசம் வீட்லருந்து மணிக்கூண்டு வரைக்கும், திரும்பி, அவ்ளோ தான். ஆறு ஆறரைக்குள்ள, கத்திரி வெயில் நாள்ல அதுக்கும் முன்னாடி. தண்ணி பாட்டில் கைல இருக்கட்டும்.

உங்க வீட்டுக்காரர் கோவம் எனக்கு புரியுது, அப்பா விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயம், அத கோவமா தான் அவருக்கு காட்ட தெரியுது. அவர மாமாவுக்கு பின்னாடியே ஓட்ட சொல்லுங்க, ஒரு சைக்கிள் தூரம் விட்டு, ஒன்னும் பேசாம. மாமா முன்னாடி போவட்டும், அந்த ரோட்டுல 30 வருஷம் போனவரு, எந்த சந்து எங்க போவும், எந்த எடத்துல பள்ளம்னு உங்க எல்லாரையும் விட அவருக்கு நல்லா தெரியும். பேரன் பேத்திங்க அவருக்கு ரெண்டு பக்கமும் வராம பின்னாடியே வரட்டும். அவர் எந்த டீக்கடைல நிறுத்தறாரோ அங்க எல்லாரும் எறங்கிடுங்க, அங்க அவருக்கு தெரிஞ்சவங்க யாராவது நிச்சயம் ஒக்காந்திருப்பாங்க, "யாரு, உன் பையனா?"ன்னு கேப்பாங்க, பன் பட்டர் வாங்கி குடுப்பாங்க. அரை மணி நேரம் ஆவும், அவசரப்படுத்தாதீங்க.